தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லித்தரப் போகிறீர்களா? தன்னார்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5 நெருங்கும்போது பள்ளிகளுக்குத் தன்னார்வலர்கள் நிறையப் பேர் வருவார்கள். 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்டு, 1973 முதல் கொண்டாடப்படும் உலகச் சுற்றுச்சூழல் நாள் அது. அரை மணி நேரம் பேசுவார்கள், உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள், ஒரு மரக்கன்றை நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நல்ல எண்ணத்தில்தான் வருகிறார்கள். ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அதில் மிஞ்சுவது கைதட்டிய ஞாபகம் மட்டும்தான்.

1977 அக்டோபரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ஒரு மாநாடு நடத்தின. சுற்றுச்சூழல் கல்வி ஐந்து விஷயங்களைத் தர வேண்டும் என்று அங்கே வகுத்தார்கள்: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. நாம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். மற்ற நான்கும் ஒரு நாள் பேச்சில் வந்துவிடாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்துப் பள்ளிக்கு ஒரு தடவை போவதைவிட, ஒரே வகுப்புக்கு ஆறு வாரம் தொடர்ந்து போங்கள். பள்ளி வளாகத்துக்குள் என்ன இருக்கிறதோ அதையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த முடிவை ஒட்டியவைதான்.

முதல் படி: பள்ளியோடு பேசுவது

தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது "விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வந்திருக்கிறோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த வகுப்பு, வாரத்தில் எந்தப் பாடவேளை, மொத்தம் எத்தனை வாரம், என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. நீங்கள் வருவது அவர்கள் சுமையைக் கூட்டாது என்று தெரிந்தால்தான் மனதோடு இடம் கொடுப்பார்கள். இது பாடத்துக்கு வெளியே உள்ள விஷயமா என்று யாராவது கேட்டால், 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைச் சொல்லலாம். இயற்கைச் சூழலை மதிக்கக் கற்றுத் தருவது கல்வியின் நோக்கங்களில் ஒன்று என்று அதன் 29ஆவது பிரிவு சொல்கிறது.

அப்புறம் வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். இந்தப் பருவத்தில் அறிவியலில் என்ன பாடம் போகிறது, கணக்கில் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெருக்கல் தெரியாத வகுப்பில் தண்ணீர்க் கணக்கு போட முடியாது. ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார், நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ சிரமப்படும் பிள்ளைகள் யார் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். வகுப்பாசிரியர் எப்போதும் கூட இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் நீங்கள் தனியாக இருக்கும்படி நேரக்கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது, அனுமதி இருந்தாலும் பெயரோடு வெளியிடக் கூடாது. உங்களைப் பற்றிப் பள்ளி விசாரித்துக்கொள்ள விரும்பினால் சந்தோஷமாக ஒத்துழையுங்கள். விசாரிக்கிற பள்ளிதான் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள பள்ளி.

இரண்டாம் படி: வளாகத்தைத் தனியாகச் சுற்றி வருவது

முதல் வகுப்புக்குச் சில நாள் முன்னால், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஒருமுறை போய் நடந்து பாருங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது? எங்கே எறும்புப் புற்று இருக்கிறது? எந்தச் சுவரோரம் பாசி படிந்திருக்கிறது? குப்பை எங்கே சேருகிறது, அதை யார் எடுத்துப் போகிறார்? தேன்கூடு, முள்செடி, மூடாத குழி, உடைந்த கண்ணாடி எங்கெங்கே இருக்கின்றன? ஒரு தாளில் வரைபடம்போலக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கான பாடத்திட்டத்தில் பாதி இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

"எங்கள் பள்ளியில் ஒரு செடிகூட இல்லையே" என்று தயங்க வேண்டாம். சிமென்ட் தரையின் விரிசலில் முளைத்த புல், ஜன்னல் மூலையில் சிலந்தி வலை, மழைநீர் தேங்கும் பள்ளம் இவை இல்லாத பள்ளி கிடையாது.

மூன்றாம் படி: வயதுக்கேற்ப எதைச் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது

நிறையப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். எரியும் காடு, குப்பை அடைத்த ஆமை, உருகும் பனிமலை என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினால் பிள்ளைகள் அமைதியாகப் பார்ப்பார்கள். அந்த அமைதியை அக்கறை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல சமயம் அது பயம். அந்த ஆமைக்காக அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றும் செய்ய முடியாத பயம் பிள்ளையை விஷயத்திலிருந்து ஒதுங்கத்தான் வைக்கும். நான்காம் வகுப்புக்கு முன்னால் பேரழிவுக் கதைகள் வேண்டாம் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் வலியுறுத்தியதும் இதனால்தான். முதலில் ஒன்றோடு பழக்கம் வர வேண்டும், பிறகுதான் அதைக் காப்பாற்றும் எண்ணம் வரும்.

ஆறேழு வயதில் தொட்டு, முகர்ந்து, கேட்டு, எண்ணிப் பார்க்கட்டும். எட்டு வயது தாண்டியவர்கள் அளக்கலாம், ஒப்பிடலாம், "ஏன் இப்படி?" என்று காரணம் தேடலாம். ஒன்பது, பத்து வயதில் பள்ளிக்குள் ஒரு சின்னச் சிக்கலை எடுத்துத் தாங்களே தீர்த்துப் பார்க்க முடியும். எந்த வயதாக இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பேசாதீர்கள்.

நான்காம் படி: முதல் வகுப்பு

கையில் கொண்டுபோக வேண்டியவை குறைவுதான். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் போட நான்கு மீட்டர் சணல் கயிறு, குழுவுக்கு ஒன்று. குழுவுக்கு ஒரு பூதக்கண்ணாடி. பென்சில், அட்டை, பழைய தாள். உங்கள் பையில் முதலுதவிப் பொருள்கள்.

முதல் நாள் அறிமுகப் பேச்சை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே கூட்டிப் போங்கள். வெளியே போனதும் கத்துவார்கள், ஓடுவார்கள். தடுக்காதீர்கள், ஒரு சுற்று ஓடிவிட்டு வரட்டும். பிறகு வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி, காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். "காத்து" என்று ஒரு பிள்ளை சொல்லும், "என் வயிறு" என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் சரியான பதில்தான்.

அடுத்து, ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தரையில் கயிற்றால் ஒரு சதுரம் போடட்டும். அதற்குள் உயிருள்ளவை எத்தனை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை எத்தனை, மனிதர் போட்டவை எத்தனை என்று தேட வேண்டும். காய்ந்த இலை எதில் சேரும்? இறகு? பென்சில் சீவிய துருவல்? இந்தச் சண்டைதான் பாடம். உடனே தீர்ப்புச் சொல்லாமல் சண்டை போட விடுங்கள்.

பூதக்கண்ணாடியைப் பெரியவர்களே தப்பாகப் பிடிக்கிறார்கள். சின்னக் கண்ணாடி என்றால் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு, பார்க்கும் பொருளை மெதுவாகக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவர வேண்டும். அதன் வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைக் கண்ணாடியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எறும்புச் சாரை கண்ணில் பட்டால் விடாதீர்கள். சாரை போகும் தரையில் ஓரிடத்தை ஈர விரலால் குறுக்கே அழுத்தித் துடைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த எறும்புகள் அந்த இடத்தில் சட்டென்று நின்று, இப்படியும் அப்படியும் தடுமாறும். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று கடந்துபோகும், பின்னாலேயே மற்றவையும் போகத் தொடங்கும். எறும்புகள் தரையில் விட்டுச் செல்லும் வாசனையைப் பிடித்தே நடக்கின்றன என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சாரையைக் காலால் கலைத்துக்கொண்டிருந்த பையன் மறுநாள் அதைத் தாண்டிக் கால் வைப்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதை எந்த வாரமும் விடக்கூடாது.

ஐந்தாம் படி: புதைத்து, காத்திருந்து, தோண்டிப் பார்ப்பது

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பலகையில் எழுதிப் போட்டால் தேர்வில் மதிப்பெண் வரும். நம்பிக்கை வர வேண்டுமென்றால் தோண்டிப் பார்க்க வேண்டும். ஆறு வாரத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதையே செய்யுங்கள்.

இரண்டாம் வாரத்தில் தொடங்குங்கள். பழத்தோல், காய்ந்த இலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பிஸ்கட் உறை, பிளாஸ்டிக் பை ஆகியவற்றை உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்தில் யாரும் நடக்காத ஓரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் ஆழத்தில் தனித்தனிக் குழி. புதைப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைச் சொல்ல வேண்டும்: எது காணாமல் போகும், எது அப்படியே இருக்கும்? ஊகங்களைப் பெரிய தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். குழிமேல் பெயர் எழுதிய குச்சியை நடுங்கள். மண் காய்ந்து கிடந்தால் மக்குவது தாமதமாகும், அதனால் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றட்டும். வளாகத்தில் மண்ணே இல்லையென்றால் பழைய வாளியில் தோட்டத்து மண்ணை நிரப்பியும் செய்யலாம். கடையில் பையில் விற்கும் சுத்தமான மண் வேண்டாம், நுண்ணுயிர்கள் நிறைந்த சாதாரண மண்தான் தேவை.

இடையில் தோண்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். கூடாது என்று சொல்லுங்கள். காத்திருப்பதும் இதில் ஒரு பகுதி.

ஆறாம் வாரம் தோண்டும்போது கையுறை போட்டுக்கொள்ளட்டும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணாக இருந்தால் பழத்தோலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், அந்த இடத்தில் மண் கறுத்து, ஒரு மண்புழுவும் இருக்கலாம். செய்தித்தாள் தொட்டால் கிழியும். துணியில் கறையும் ஓட்டையும் விழுந்திருக்கும். பிஸ்கட் உறையை எடுத்து மண்ணை உதறினால் அதில் அச்சடித்த படம்கூட மங்கியிருக்காது. அந்த உறை கைக்குக் கை மாறும் நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அவர்களாகவே சுவரில் ஒட்டிய ஊகத்தாளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு விளக்கலாம். பாக்டீரியா, பூஞ்சை, புழு இவையெல்லாம் இலையையும் தோலையும் தின்று மண்ணாக்குகின்றன. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை உடைத்துத் தின்னும் திறன் அவற்றில் அநேகமாக எதற்கும் இல்லை. "பிளாஸ்டிக் மக்க 450 வருஷம் ஆகும்" என்று பலரும் சொல்வார்கள். அதை அளந்து பார்த்த உண்மைபோலச் சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியதே 1950களில்தான், ஆகவே அத்தனை வருஷம் காத்திருந்து பார்த்தவர் யாரும் இல்லை. அவையெல்லாம் மதிப்பீடுகள். "மிக நீண்ட காலம் ஆகும், எவ்வளவு என்று யாரும் முழுசாகப் பார்த்ததில்லை" என்பதே நேர்மையான பதில். பிள்ளைகளை அது இன்னும் அதிகமாக யோசிக்க வைக்கும்.

தோண்டி எடுத்த பிளாஸ்டிக்கைத் திரும்பவும் மண்ணில் விட்டுவிடாதீர்கள். அதை என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

ஆறாம் படி: தண்ணீரைக் கண்ணால் காட்டுவது

இடைப்பட்ட வாரங்களுக்குத் தண்ணீர் நல்ல பாடம். சின்ன வகுப்புக்கு ஒரு சுலபமான வேலை: வெயில் படும் செடியின் இலைக்கொத்தைக் காலையில் ஒரு தெளிவான பையால் மூடிக் கட்டிவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். பையின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருக்கும். வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை காற்றில் விடுகிறது என்று நீங்கள் சொல்லும்போது அவர்கள் முன்னால் சாட்சி இருக்கும். பார்த்து முடித்ததும் பையை அவிழ்த்துவிடுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோங்கள். உலகத்தின் மொத்தத் தண்ணீரும் இதுதான் என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து ஐந்து டீஸ்பூன், அதாவது 25 மி.லி., எடுத்து ஒரு கிண்ணத்தில் விடுங்கள். பாட்டிலில் மிச்சமிருப்பது உப்புநீர், கிண்ணத்தில் இருப்பது நன்னீர். கிண்ணத்திலும் ஏறக்குறைய மூன்றரை டீஸ்பூன் பனியாக உறைந்து கிடக்கிறது. மீதியில் பெரும்பகுதி நிலத்தடியில். ஆறு, ஏரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு சொட்டு. அந்தச் சொட்டை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் விடுங்கள், எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். அதே நேரம் நிலத்தடி நீரையும் நாம் பயன்படுத்துகிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படம் தப்பாகிவிடும்.

அப்புறம் நீங்கள் முன்பே குறித்துவைத்த ஒழுகும் குழாய். அதன்கீழ் அளவு போட்ட பாத்திரத்தைப் பத்து நிமிடம் வையுங்கள். 50 மி.லி. சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 300 மி.லி., ஒரு நாளைக்கு 7.2 லிட்டர். கணக்கை அவர்களே போடட்டும். பதில் வந்ததும் அடுத்த கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும்: "இதை ஏன் யாரும் சரி பண்ணலை?" தலைமையாசிரியருக்கு வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதட்டும், அளந்த கணக்கோடு. குழாய் சரியானால் திரும்ப அளந்து பார்க்கட்டும். திபிலிசியில் சொன்ன பங்கேற்பு என்பது இந்த வயதில் இந்த அளவில்தான் இருக்கும், இது போதும். கடிதம் கொடுப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பதிலே வராமல் போனால் பிள்ளைகள் மனசு விட்டுப்போகும்.

ஏழாம் படி: கஷ்டமான கேள்விகள்

பெயர் தெரியாத பூச்சியைக் காட்டி என்ன என்று கேட்டால், "எனக்குத் தெரியலை, சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று சொல்லி, எத்தனை கால் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி வகையாக இருக்கலாம்.

இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது இந்த மாதிரிக் கேள்வி: "எங்க வீட்டுல குப்பையை எரிக்கிறாங்க. எங்க அப்பா கெட்டவரா?" இந்த இடத்தில் நீங்கள் தடுமாறினால் அந்தப் பிள்ளை வீட்டுக்குக் குற்ற உணர்ச்சியோடு போகும். "அப்பா கெட்டவர் இல்லை. குப்பையை எடுத்துப்போக ஆள் வராத இடத்தில் வேறு வழி தெரியாமல் எரிப்பார்கள். பிளாஸ்டிக் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் அந்தப் பக்கம் போகாதே" என்று நிதானமாகச் சொல்லுங்கள். வீட்டில் போய்ப் பெற்றோரைத் திருத்து என்று எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே பழைய துணியையும் பாட்டிலையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர்கள். வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

"உலகம் அழிஞ்சிடுமா?" என்று பெரிய வகுப்பில் நிச்சயம் ஒருவர் கேட்பார். பொய்யும் வேண்டாம், விவரமான பயங்கரமும் வேண்டாம். பூமி சூடாகி வருகிறது, அது பெரிய பிரச்சினைதான், அதைக் குறைக்க உலகம் முழுக்க நிறையப் பெரியவர்கள் வேலை செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். கூடவே ஓசோன் கதையைச் சொல்லுங்கள். வானத்தில் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தைக் குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் இருந்த சில வாயுக்கள் அரித்துக்கொண்டிருந்தன. அறிவியலாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் நாடுகள் கூடி அந்த வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன, பின்னர் உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. மனிதர்கள் செய்த தப்பை மனிதர்களே திருத்திய உண்மைக் கதை இது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நிச்சயம் வேண்டும்.

எட்டாம் படி: தவிர்க்க வேண்டியவை

ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி வேண்டாம் என்பேன். ஒருவருக்குப் பரிசு, முப்பது பேருக்கு ஏமாற்றம். தவிர, எல்லாரும் இரண்டு கைகள் தாங்கிய பூமியையே வரைவார்கள். உறுதிமொழிகளும் அப்படியே.

மரக்கன்று நடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்ற கேள்விக்கு ஒரு பெயரோடு பதில் கிடைத்த பிறகுதான் குழி தோண்ட வேண்டும். அந்த மண்ணுக்கு உரிய, அந்த வட்டாரத்திலேயே வளரும் வகையாகப் பாருங்கள். நூறு நட்டுவிட்டுப் போவதைவிட ஒன்றை நட்டு, மாதா மாதம் உயரம் அளக்க வைப்பது மேல். இன்னொன்று: பரிசுப் பொருள், பலூன், லேமினேட் செய்த அட்டை என்று நீங்களே குப்பையைக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் உடனே கவனிப்பார்கள்.

ஒன்பதாம் படி: பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

முதல் வாரமே "நம் பள்ளியில் யார் யாரெல்லாம் வாழ்கிறார்கள்?" என்று கேட்டு ஒரு படம் வரையச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம் அதே கேள்வி, அதே அளவுத் தாள். முதல் படத்தில் ஆசிரியரும் மாணவர்களும் மட்டும் இருந்த இடத்தில் எறும்பு, பாசி, மண்புழு, காக்கை வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆசிரியரிடமும் கேளுங்கள், இடைவேளையில் பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று. கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக, ஒப்படைப்பது

ஆறு வாரம் முடிந்ததும் கயிறு, பூதக்கண்ணாடிகள், அளவுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வகுப்பிலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் என்ன செய்தீர்கள், எது எடுபட்டது, எதில் நேரம் போதவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்தே பாதி வகுப்பை அவர் நடத்தும்படி மெல்லப் பின்வாங்கினால், நீங்கள் போன பிறகு அது நிற்காது. இரண்டு மாதம் கழித்து ஒருமுறை வருவதாகப் பிள்ளைகளிடம் சொன்னால் கட்டாயம் போங்கள், போக முடியாது என்று தோன்றினால் சொல்லவே சொல்லாதீர்கள். போகும்போது ஒழுகிய அந்தக் குழாயையும் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ஒழுகினால் அளக்க வேண்டிய பாத்திரம் பெட்டியில் இருக்கிறது என்று ஞாபகப்படுத்துங்கள்.